எந்த எழுத்தில் நின்றது?

கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவது, மற்ற மென்பொருள்களை ஏற்றுவதிலிருந்து ஜாதியிலேயே வேறுபட்ட காரியம். ஒரு விளையாட்டையோ கணக்கு எழுதும் மென்பொருளையோ ஏற்றும்போது, வட்டைப் படிப்பதற்கும், கோப்புகளை எழுதுவதற்கும், ஏதேனும் தவறு நேர்ந்தால் அதை நாலு வார்த்தையில் எடுத்துச் சொல்வதற்கும் அடியிலே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் விழித்துக்கொண்டிருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே ஏற்றும்போதோ, அந்தப் பணிகளையெல்லாம் ஏற்கவேண்டியது இன்னும் வந்து சேரவில்லை. அது வந்து சேர்வதற்கு வேண்டிய பணிகளை, அது இல்லாமலேயே யாரோ செய்தாக வேண்டும். இந்த விசித்திரத்தினால்தான், நிறுவும்போது நேரும் கோளாறுகள் அனுபவசாலிகளையும் திகைக்க வைக்கின்றன.

'ஓ.எஸ். ஏற மாட்டேன் என்கிறது' என்று ஒருவர் வந்து முறையிடுகிறார். அந்த ஒரே வாக்கியத்தின் கீழே, ஒன்றோடொன்று உறவே இல்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கக்கூடும். மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிப்பது தருக்க நூலாரின் பழைய உதாரணம். இங்கே உள்ள சங்கடம், ஒரே மாதிரியான புகையை நாலைந்து வேறு வேறு நெருப்புகள் எழுப்புகின்றன என்பதே. ஆகையால், 'ஏன் நின்றது?' என்று எடுத்த எடுப்பிலே கேட்பவர் அநேகமாகத் தவறான நெருப்பை அணைக்கத்தான் ஓடுவார். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதுவரையில் ஒழுங்காக வந்தது?

இந்தச் சங்கடம் கம்ப்யூட்டரோடு கூடவே பிறந்ததாகும். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாரிஸ் வில்க்ஸும் அவருடைய சகாக்களும் கட்டிய எட்சாக் என்னும் யந்திரம், 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதியன்று தன் முதல் நிரலை ஓட்டிக் காட்டியது. துளையிட்ட காகித நாடாவிலிருந்து நிரலைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் அது வேலை செய்யும். ஆனால் நாடாவைப் படிப்பதற்கே ஒரு நிரல் வேண்டுமே, அதை நினைவகத்தில் யார் வைப்பது? டேவிட் வீலர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 31 கட்டளைகளில் இதற்கு விடை எழுதினார். அக்கட்டளைகள் நாடாவில் இல்லை. டெலிபோன் நிலையங்களில் பயன்பட்டுவந்த சுழல் சுவிட்சுகளில் கம்பி இணைப்புகளாகவே அமைக்கப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்தில் வந்து அமர்ந்து, நாடாவைப் படிக்கத் தொடங்கும். இவ்வளவு சிக்கனமான நிரலில், தவறு நேர்ந்தால் அதை விளக்கிச் சொல்வதற்கு இடம் ஏது? தொடக்கத்துக்கு எவ்வளவு அருகில் ஒரு நிரல் நிற்கிறதோ அவ்வளவுக்கு அது வாய் பேசாதது என்பதே அன்றுமுதல் இன்றுவரை மாறாத நியதியாக இருந்துவருகிறது.

ஐ.பி.எம். கம்பெனி 1981 ஆகஸ்டு 12-இல் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரில், சுவிட்சுகளின் ஸ்தானத்தை பயாஸ் என்னும் நிரல் எடுத்துக்கொண்டது. அது போர்டிலேயே ஒரு சில்லில் பதிந்து கிடக்கும். மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் தன்னையும் தன் சுற்றத்தையும் சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனையின்போது திரை இன்னும் உயிர் பெறாமல் இருக்கலாம். ஆகவே குறை கண்டால் ஸ்பீக்கரில் பீப் ஓசை எழுப்பித் தெரிவிக்கும். நீளமாக ஒன்றும் குறுகியதாக இரண்டும் ஒலித்தால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு என்பது ஐ.பி.எம். ஏற்படுத்திய சங்கேதம்; பின்னால் வந்த பயாஸ்களிலும் பல அதைக் கைக்கொண்டன. சோதனை முடிந்ததும் பயாஸ், வட்டின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டுகளை மாத்திரம் படித்து நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் வைக்கிறது. அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏ.ஏ. என்ற பதினாறடிமான எண்களாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது; இருந்தால், அதிகாரத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அந்த 512 பைட்டுகளில் முதல் 446 பைட்டுகள் நிரல். அடுத்த 64 பைட்டுகள், பார்ட்டிஷன் ஒன்றுக்குப் பதினாறாக, நான்கு பார்ட்டிஷன்களின் விவரம். மீதி அந்த இரண்டு பைட்டு முத்திரை. உள்ளே இருப்பது நல்ல நிரலா, குப்பையா, வைரஸா என்பதைப் பற்றிப் பழைய பயாஸுக்கு யாதொரு அபிப்பிராயமும் கிடையாது.

இப்படி ஒன்று மற்றொன்றை அழைத்துவிட்டு விலகிக்கொள்ளும் ஏற்பாடு இது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கறுப்புத் திரையில் தோன்றும் அற்ப வாக்கியங்களும் பேசத் தொடங்குகின்றன. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால், பேசுவது பயாஸ். அதற்கு வட்டே அகப்படவில்லை, அல்லது முத்திரை அகப்படவில்லை. 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று வந்தால், பேசுவது மைக்ரோசாஃப்ட் எழுதிய அந்த 446 பைட்டு நிரல். அதாவது வட்டு இருக்கிறது, கேபிள் இணைந்திருக்கிறது, முதல் செக்டாரும் படிக்கக் கிடைத்துவிட்டது. பார்ட்டிஷனின் வாசலில் இருக்கவேண்டிய அடுத்த நிரல்தான் இல்லை. 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால், பேசுவது பார்ட்டிஷனின் வாசலில் உள்ள அந்த நிரலே. தான் அழைக்கவேண்டிய கோப்பை அது காணவில்லை. சாமானியருக்கு மூன்றும் ஒரே செய்தியாகத்தான் ஒலிக்கும். கேபிளைக் கழற்றி மாட்டுவதே மூன்றுக்கும் பரிகாரமாகச் செய்யப்படுவதும் உண்டு. அது முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். மூன்றாவதைக் கண்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று பதறுகிறவர்கள், படம் பார்ப்பதற்காக என்றோ செருகிய பென்டிரைவ் பின்பக்கத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது; பயாஸ் அதைத்தான் வட்டென்று எண்ணிப் படித்திருக்கக்கூடும்.

தான் எங்கே நிற்கிறோம் என்பதை இவற்றையெல்லாம்விட நேர்மையாகத் தெரிவித்த ஒரு நிரல் உண்டு. லினக்ஸின் இளமைக் காலத்தில் அதை எழுப்புவதற்கு வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்பதே அது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகள் நான்கு: எல், ஐ, எல், ஓ. தன் வேலையில் ஒவ்வொரு படியைக் கடக்கும்போதும் லைலோ ஓர் எழுத்தைத் திரையில் அச்சிடும்; நான்கும் வந்துவிட்டால் எல்லாம் க்ஷேமம். ஒன்றுமே வரவில்லையென்றால், லைலோ அழைக்கப்படவே இல்லை. முதல் 'எல்' மட்டும் வந்து, பக்கத்தில் ஓர் எண்ணும் வந்தால், முதற்பாதி நிரல் ஓடியது, இரண்டாம் பாதியை வட்டிலிருந்து கொண்டுவர முடியவில்லை. அந்த எண் வட்டின் குறை இன்னதென்று சொல்லும். 'எல், ஐ' என்பதோடு நின்றால், இரண்டாம் பாதி வந்தது, ஆனால் ஓடவில்லை. 'எல், ஐ, எல்' வரையில் வந்து நின்றால், இரண்டாம் பாதி ஓடத் தொடங்கியும், லினக்ஸின் மையமான கெர்னல் எந்தெந்த செக்டார்களில் இருக்கிறது என்ற அட்டவணையைப் படிக்க இயலவில்லை. மூன்றெழுத்துக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி வந்தால் ஓர் அர்த்தம். ஒரு சிறு கோடு வந்தால் வேறோர் அர்த்தம். பக்கம் பக்கமாக விளக்கம் எழுத இடமில்லாத ஒரு நிரல், தன் பெயரையே அளவுகோலாக்கிக்கொண்டு தான் விழுந்த இடத்தைக் காட்டிவிட்டுச் செத்தது. 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது' என்று சோக முகத்தோடு மன்னிப்புக் கேட்கும் இக்காலத்து வண்ணத் திரைகளைக் காணும்போது, என் மதிப்பில் அந்த நாலெழுத்து இன்னும் உயர்ந்துவிடுகிறது.

லைலோ பாதியில் நின்றதற்கு அடிக்கடி காரணமாக இருந்தது, அதன் குற்றமன்று. வட்டில் ஓர் இடத்தைக் குறிப்பதற்கு, பழைய பயாஸ் சிலிண்டர் எண்ணுக்குப் பத்து பிட்டும், ஹெட் எண்ணுக்கு எட்டு பிட்டும், செக்டார் எண்ணுக்கு ஆறு பிட்டும் ஒதுக்கியிருந்தது, ஐ.டி.இ. வட்டுகளோ ஹெட்டுகளுக்கு நான்கு பிட்டுகளே வைத்திருந்தன. இரண்டிலும் சிறியதைத்தானே கொள்ளவேண்டும்? ஆகவே 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், 512 பைட்டு ஆகியவற்றைப் பெருக்கினால் கிடைக்கும் 52 கோடியே 84 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளுக்கு அப்பால் பயாஸின் பார்வை எட்டாமற்போயிற்று. கணக்கை மாற்றிச் சொல்லும் தந்திரங்களால் இந்த எல்லையை 8.4 ஜி.பி. வரை நீட்டினார்கள், பிறகு அதுவும் போதவில்லை. கெர்னலின் கோப்பு இந்த எல்லைக்குள் விழுந்திருக்கும் வரையில் யந்திரம் ஒழுங்காக எழும்பும். கெர்னலைப் புதுப்பித்தபோது புதிய கோப்பு எல்லைக்கு அப்பால் போய் விழுந்தால், நேற்றுவரை எழும்பிய யந்திரம் இன்று எழும்பாது. நிறுவியபோது ஒன்றும் கெடவில்லை, இடையிலே யாரும் எதையும் உடைக்கவில்லை. வட்டிலே ஒரு கோப்பு உட்கார்ந்த இடம் மாறிற்று, அவ்வளவே.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் நேரும் கோளாறுகளில், நிறுவுவதற்குக் கொண்டுவந்த சரக்கே கெட்டிருப்பது ஒரு வகை. நாலைந்து ஜி.பி. அளவுள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பு இறங்குகையில் எங்கோ அறுந்திருக்கலாம். அல்லது அதை எழுதிய பென்டிரைவ், மேலே 64 ஜி.பி. என்று அச்சிட்டு உள்ளே 8 ஜி.பி. மட்டுமே வைத்திருக்கும் போலிச் சரக்காக இருக்கலாம். அப்படிப்பட்ட போலியில் உள்ள கண்ட்ரோலர், கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, இடம் தீர்ந்தபின் வருவதைச் சத்தமின்றித் தொலைத்துவிடும். கோப்பு கெட்டதா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியிடுபவர்கள் பக்கத்திலேயே எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் கணக்கிட்ட 64 இலக்கங்களைக் கொடுத்திருக்கிறார்கள். நம் கைக்கு வந்த கோப்பையும் அதே முறையில் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் விடையிலே உத்தேசமாகப் பாதி பிட்டுகள் மாறிவிடும்படி அந்த முறை அமைந்திருப்பதால், சந்தேகத்துக்கு இடமே வைக்காது. இவ்வளவு சுலபமான சோதனையைச் செய்யாமல் அரை நாள் மல்லாடுகிறவர்களே அதிகம்.

பென்டிரைவைப் பற்றி இன்னொன்று. விண்டோஸின் கோப்புகளைச் சாதாரணமாக ஒரு பென்டிரைவில் காப்பி செய்ய முயன்றால், 'இன்ஸ்டால்.விம்' என்ற ஒரு கோப்பு மாத்திரம் ஏறமாட்டேன் என்று அடம் பிடிப்பதுண்டு. இடமோ தாராளமாக இருக்கும். ஃபேட்-32 என்ற பழைய அமைப்பில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்டுகளே உள்ளன. ஆகையால் 4 ஜி.பி.யை எட்டும் கோப்பை அது ஏற்காது. புதிய யந்திரங்களில் பயாஸின் இடத்தில் இருக்கும் யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேரோ, பென்டிரைவ் ஃபேட் அமைப்பில் இருந்தால்தான் நிச்சயமாகப் படிக்கும். ஒரு சட்டம் சிறியதை வேண்டுகிறது, மற்றொன்று பெரியதைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் இடையில் சமரசம் செய்வதற்கென்றே கோப்பைத் துண்டுகளாகப் பிரிக்கும் உபாயமும், ரூஃபஸ் போன்ற கருவிகளும் ஏற்பட்டிருக்கின்றன.

சரக்கு சுத்தமாக இருந்தும், பாதி வழியில் 'கோப்பு கெட்டுவிட்டது' என்று அறிவிப்பு வருவதுண்டு. விண்டோஸில் இது 80070570 என்ற எண்ணோடு வரும். அறிவிப்பு குற்றஞ்சாட்டுவது கோப்பை. உண்மைக் குற்றவாளி பல சமயங்களில் ரேம். நிறுவும் நிரல், அமுக்கிக் கட்டப்பட்ட கோப்புகளை வட்டிலிருந்து ரேமுக்குக் கொண்டுவந்து, அங்கே விரித்து, கூட்டுத்தொகை சரியா என்று பார்த்து, பிறகு எழுதுகிறது. ரேமில் ஏதோ ஒரு கலம் ஒன்றை வாங்கிக்கொண்டு பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தால், விரித்த கோப்பு கெட்டுவிடும். கோப்பு வந்த வழியைப் பற்றி நிரலுக்குத் தெரியாதாகையால், கண்முன் நிற்கும் கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். இந்த இடத்தில், எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய அழகான ஒரு சோதனை இருக்கிறது. நிறுவும் வேலையை இரண்டாம் முறை தொடங்கி, எந்தக் கோப்பில், எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை நின்ற அதே கோப்பிலே நின்றால், பென்டிரைவையோ ஐ.எஸ்.ஓ.வையோ சந்தேகிக்கலாம், கெட்ட எழுத்து அங்கேயே பதிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோப்பில் நின்றால், கெடுதல் கோப்பில் இல்லை. கோப்புகள் போகும் வழியில் இருக்கிறது.

வழி என்று தெரிந்தபின், மெம்டெஸ்ட் என்ற நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவது வழக்கம். கிறிஸ் பிரேடி என்பவர் 1990-களில் எழுதிய இந்நிரல், ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் இல்லாமல் தானே எழுந்து, ரேம் முழுவதிலும் ஒரு மாதிரியை எழுதிப் படித்து, பிறகு அதைத் தலைகீழாக்கி எழுதிப் படித்து, இப்படிப் பல விதங்களில் சோதிக்கிறது. ஒரு கலம் தனியே இருக்கையில் நன்றாக இருந்து, அண்டைக் கலத்தில் மாற்றம் நிகழும்போது மட்டும் தடுமாறுவது ரேமின் சுபாவங்களில் ஒன்றாகையால், ஒரே ஒரு மாதிரியை எழுதிப் பார்த்து நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட முடியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுச் சர்வீஸ்காரர்கள் இதற்கெல்லாம் முன்னால் செய்யும் காரியம் ஒன்று உண்டு: ரேமைக் கழற்றி, அதன் பொன் நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திச் செருகுவார்கள். கேலிக்குரியதாகத் தோன்றினாலும், பற்களில் படிந்த அழுக்கே காரணமாக இருக்கும் இடங்களில் அது பலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பலித்ததற்குக் காரணம் தேய்த்ததா, கழற்றிச் செருகியதா என்பதை அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு ரேம் துண்டுகள் இருந்தால், முதலில் ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்துப் பார்த்து, பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில் வைத்துப் பார்த்து, அதன்பின் ஸ்லாட்டை மாற்றவேண்டும். துண்டையும் ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால், எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது.

ரேமில் நேரும் இத்தகைய பிழையை யந்திரமே திருத்திக்கொள்ளும் வித்தையும் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் யந்திரத்திடம் ஒப்படைத்த கணக்கு ஏதோ ஓர் இடத்தில் பிழை கண்டு கைவிடப்பட்டிருப்பதைத் திங்கட்கிழமைகளில் கண்டு சலித்து, பிழை நேர்ந்ததென்று அறிய முடிந்த யந்திரத்தால் அதைத் திருத்திக்கொள்ளவும் ஏன் முடியாது என்று சிந்தித்தார். 1950-இல் வெளியான அவருடைய கட்டுரை அந்தச் சலிப்பின் பயன். அந்த வித்தையைப் பயன்படுத்தும் ரேம்கள் 64 பிட்டுக்கு எட்டு பிட் கூடுதலாகச் சுமந்து, ஒரு பிட் தவறினால் தாமே சரிசெய்துகொள்கின்றன. சர்வர்களில் அவை சர்வ சாதாரணம். நம் வீட்டு யந்திரங்களில், செலவை மிச்சம் பிடிப்பதற்காக அநேகமாக அவை இல்லை.

எல்லாவற்றையும்விட மனிதரை அதிகமாகக் குழப்புவது, இருக்கும் வட்டை இல்லை என்று ஆபரேட்டிங் சிஸ்டம் சாதிப்பது. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 அக்டோபரில் வெளிவந்தது. சாட்டா வட்டுகளை ஆளும் ஏ.எச்.சி.ஐ. முறையின் முதல் விவரணம் 2004-இல் வந்தது. தான் பிறந்த பிறகு பிறந்த ஒரு முறைக்கான டிரைவர் எக்ஸ்.பி.யின் சி.டி.யில் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் புதிய கம்ப்யூட்டரில் எக்ஸ்.பி. ஏற்ற முயன்றவர்கள் கண்ட காட்சி இது: சி.டி. ஓடும், நீலத் திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறும், 'விண்டோஸ் தொடங்குகிறது' என்று அடியில் ஒரு வரி வரும், உடனே இன்னொரு நீலத் திரை, 7பி என்று முடியும் எண்ணோடு யந்திரத்தை ஸ்தம்பிக்கச் செய்துவிடும். அதுவரை ஒழுங்காக வந்தது எப்படி என்றால், அதுவரை வட்டையும் சி.டி.யையும் படித்துக் கொடுத்தது பயாஸ். விண்டோஸின் கெர்னல் பொறுப்பேற்றவுடன் பயாஸை விலக்கிவிட்டுத் தன் சொந்த டிரைவரைக் கொண்டு வட்டைத் தேடிற்று. டிரைவர் இல்லை, ஆகவே வட்டும் இல்லை. தொடக்கத்தில் சில விநாடிகளுக்குள் எஃப்6 விசையை அழுத்தி, டிரைவரை ஃபிளாப்பியில் கொடுக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. அதற்குள் ஃபிளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்கள் சந்தையை நிறைத்துவிட்டன. கடைக்காரர்கள் பயாஸில் புகுந்து, ஏ.எச்.சி.ஐ. என்பதை ஐ.டி.இ. என்று மாற்றி, புதிய வட்டைப் பழைய வேஷம் போடவைத்து வேலையை முடித்தார்கள்.

அதே நாடகம் பிறகு இருமுறை, வேறு நடிகர்களோடு அரங்கேறியது. 2009-இல் வந்த விண்டோஸ் 7, யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவரைத் தன்னோடு கொண்டுவரவில்லை. 2015-இல் இன்டெல் தன் புதிய சிப்செட்டுகளிலிருந்து பழைய யு.எஸ்.பி. கண்ட்ரோலரை நீக்கியதும், விண்டோஸ் 7 நிறுவும் திரை வரையில் வந்து, அங்கே கீபோர்டும் மவுஸும் உயிரற்றுக் கிடந்தன. அந்தத் திரை வருவதற்குச் சற்றுமுன் பயாஸ் மெனுவில் அதே கீபோர்டு நன்றாக வேலை செய்திருக்கும். உருண்டை முனையுள்ள பழைய பி.எஸ்.2 கீபோர்டை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த விண்டோஸ் 7, 'சி.டி. அல்லது டி.வி.டி. டிரைவுக்கான டிரைவர் இல்லை' என்று சொல்லும். கேட்பவரோ, 'அந்த பென்டிரைவிலிருந்துதானே இவ்வளவு நேரம் ஓடினாய்?' என்று திகைப்பார். திகைப்பு நியாயமே, ஆனால் ஓடவைத்தது பயாஸ். 2020-ஐ ஒட்டி வந்த இன்டெல் பதினொன்றாம் தலைமுறை லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற ஏற்பாடு வட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே வந்து நின்றதும், நிறுவும்போது வட்டுகளின் பட்டியல் வெறுமையாகக் காட்சியளித்தது; 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி டிரைவரை ஊட்டினால்தான் வட்டு தெரியும். புதிய எஸ்.எஸ்.டி. பழுது என்று கடையிலே திருப்பிக் கொடுப்பதற்கு முன், பயாஸின் பட்டியலில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கவேண்டும். பயாஸுக்குத் தெரிந்து விண்டோஸுக்குத் தெரியாத வட்டு அநேகமாக நல்ல வட்டுதான்.

'இந்த வட்டில் விண்டோஸை நிறுவ இயலாது, இதில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது' என்ற அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, ஏனென்றால் அது உள்ளதை உள்ளபடி சொல்லும் அபூர்வமான அறிவிப்பு. மேலே கண்ட 64 பைட்டு அட்டவணையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்டுகளே இருப்பதால், அது சுமார் 2.2 டி.பி.க்கு மேல் காணாது. 2005-இல் அமைந்த யு.இ.எஃப்.ஐ. மன்றத்தின் ஏற்பாட்டிலோ ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை, சாதாரணமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் வைத்து, தன் நகல் ஒன்றை வட்டின் கடைசியிலும் எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய முறையில் எழுந்தால் விண்டோஸ் பழைய அட்டவணையைக் கேட்கும். புதிய முறையில் எழுந்தால் புதியதைக் கேட்கும். எந்த முறையில் எழுகிறது என்பதை நிர்ணயிப்பது, பூட் மெனுவில் நாம் தேர்ந்தெடுக்கும் வரி. ஒரே பென்டிரைவ் அங்கே இரண்டு முறை தோன்றும். ஒன்றன் முன்னால் 'யு.இ.எஃப்.ஐ.' என்று இருக்கும், மற்றதன் முன்னால் இராது. அவசரத்தில் மாற்றித் தேர்ந்தவர், அறிவிப்பைக் கண்டு, யாரோ சொன்னபடி 'கிளீன்' என்ற கட்டளையை இட்டு வட்டையே துடைத்துவிடுகிறார்; திரும்பிப் போய் மற்ற வரியைத் தேர்ந்திருந்தால், பத்து வருஷத்துப் புகைப்படங்கள் மிஞ்சியிருக்கும்.

போர்டில் காசு அளவில் கிடக்கும் சி.ஆர். 2032 என்ற பேட்டரி தீர்ந்துபோனாலும் நிறுவல் கெடும் என்றால் சிலர் நம்புவதில்லை. அது தீர்ந்தால் கடிகாரம் யந்திரம் பிறந்த காலத்துக்கே திரும்பிவிடும். நெட்டிலிருந்து பாக்கேஜ்களை இறக்கும்போது, அவற்றின் கையொப்பச் சான்றிதழ்கள் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று தள்ளப்படும். நெட் இருக்கிறது, சர்வர் இருக்கிறது, கேபிள் இருக்கிறது. தேதி மட்டும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒருவர் மனப்பாடம் செய்துகொள்ள முடியாது. செய்துகொண்டாலும் பிரயோஜனம் சொற்பம், ஏனெனில் அடுத்த வருஷத்துக் கோளாறு வேறு பெயரோடு வரும். வேண்டுவது ஒரு கட்டுப்பாடு: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது. பென்டிரைவை மாற்றி, பயாஸில் இரண்டு அமைப்புகளைத் திருத்தி, ரேமையும் தேய்த்துச் செருகிவிட்டு, யந்திரம் எழுந்ததும் கையைத் தட்டுகிறவர் வெற்றி பெற்றாரே தவிர எதையும் அறியவில்லை. இரண்டாவது வேண்டுவது, நிறுவும் நிரல் தனக்குள்ளே எழுதிவைக்கும் குறிப்பைப் படிப்பது. டெபியன் நிறுவும்போது ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால், அழகான திரை விலகி, அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான சம்பாஷணை தெரியும். விண்டோஸ், பாந்தர் என்ற ஃபோல்டரில் தன் தினக்குறிப்பை வைக்கிறது. அதைத் திறப்பவர்கள் நேரே கடைசி வரிக்குப் போகிறார்கள். கடைசி வரி, எல்லாம் முடிந்தபின் எழுந்த ஓலம். மேலே ஏறிக்கொண்டே போய், முதன்முதலில் ஒரு முணுமுணுப்பு எங்கே எழுந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு முந்திய வரி வரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

எதுவரையில் ஒழுங்காக இருந்தது என்று பாராமல் முடிவு கட்டுவதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் அருகருகே இருந்தன. மாணவர் கடைக்குக் கொண்டுபோய் 'ஃபார்மட் அடித்து' விண்டோஸை மீண்டும் ஏற்றிக்கொண்டு வந்தால், யந்திரம் எழும்போது எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல் மறைந்திருக்கும். லினக்ஸ் அழிந்துவிட்டதென்றே எல்லாரும் எண்ணிக்கொள்வார்கள். லினக்ஸின் பார்ட்டிஷனை யாரும் தொடாதவரையில் அது அப்படியே இருக்கும். விண்டோஸ் தன் வழக்கப்படி முதல் செக்டாரின் 446 பைட்டுகளில் தன் நிரலை எழுதிவிட்டது. அந்த நிரலுக்கு லினக்ஸ் என்று ஒன்று உண்டென்பதே தெரியாது. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றைக் கொண்டு எழுந்து, பழைய பார்ட்டிஷனுக்குள் நுழைந்து, கிரப் என்னும் நிரலை மறுபடி அந்த முதல் செக்டாரில் எழுதிவைத்தால், பட்டியல் பழையபடி வந்துவிடும். யு.இ.எஃப்.ஐ. யந்திரங்களில் அதற்கும் அவசியம் குறைவு. அங்கே இரண்டும் ஒரு சிறு ஃபேட் பார்ட்டிஷனில் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை போர்டின் நினைவில் எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் தன்னை அந்த வரிசையில் முதலாவதாக வைத்துக்கொண்டிருந்தால், பயாஸ் மெனுவைத் திறந்து இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.